வேலையில் இருப்பவரும் வேலையாக இருப்பவரும்

"அவர் வேலையில் இருக்கிறார்" என்றால் அவருக்குச் சம்பளம் வருகிறது. "வேலையாக இருக்கிறார்" என்றால் இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம். "வேலைக்குப் போயிருக்கிறார்" என்றால் நேரம் முடிந்துதான் திரும்புவார். "ஒரு வேலையாகப் போயிருக்கிறார்" என்றால் பத்து நிமிடத்தில் வந்தாலும் வரலாம். நான்கிலும் பெயர்ச்சொல் ஒன்றே. பொருளைத் திருப்பியது அதன் வாலில் ஒட்டிய உருபு.

வேலையின் சுற்றத்தார் எல்லோரிடமும் இந்த நுணுக்கம் உண்டு: பணி, தொழில், உத்தியோகம், ஊழியம், அலுவல், காரியம், உழைப்பு, தொண்டு, சோலி, பிழைப்பு. அகராதியைப் புரட்டினால் வேலைக்குப் பணி, பணிக்குத் தொழில், தொழிலுக்கு வேலை என்று போட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். பேசுகிறவர்கள் அப்படிக் குழம்புவதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தொழில் புரியும் சிவனை ஐந்து வேலை பார்ப்பவர் என்று யாரும் சொன்னதில்லை. குழாய் பழுதுபார்க்க வந்தவரிடம் "பணி எப்போது நிறைவுறும்?" என்று கேட்டால் அவர் சிரிப்பார்.

எவ்வளவு பாடுபட்டார் என்பதை வைத்து இச்சொற்கள் பிரியவில்லை. ஏவியவர் யார், பலன் யாருக்கு என்ற இரு கேள்விகளுக்கு ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஒரு விடை வைத்திருக்கிறது. அந்த விடையை வெளியே காட்டுபவை கூடவரும் வினைச்சொல்லும், அதற்குக் கிடைக்கும் காசுக்கு வழங்கும் பெயரும்.

வேலை: எல்லோர் வீட்டுக்கும் போகும் சொல்

இக்கூட்டத்தில் சாதி மதம் பார்க்காத சொல் வேலைதான். மனிதர் வேலை செய்வார், மோட்டார் வேலை செய்யும், மருந்து வேலை செய்யும், மிரட்டல்கூட வேலை செய்யும். பணியும் தொழிலும் அப்படி இறங்கிவராது. "செயலி பணிபுரியவில்லை" என்று திரையில் வரும் அறிவிப்பு, மொழிபெயர்த்தவர் அகராதியை மட்டும் நம்பியதன் அடையாளம். இயங்கவில்லை, அல்லது வேலை செய்யவில்லை, வேறு வழியில்லை.

"வேலை செய்" என்பதும் "வேலை பார்" என்பதும் ஒன்று போலத் தெரியும். "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். "என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கையில் இப்போது இருப்பதைச் சொல்லலாம். இதே 'பார்' இறந்தகாலத்தில், ஒரு குறிப்பிட்ட குரலில் வந்தால் கதையே மாறிவிடும்: "நல்ல வேலை பார்த்திருக்கிறாய்!" என்பது பெரும்பாலும் திட்டு. "வேலையைக் காட்டிவிட்டான்" என்றால் திட்டுவதில் சந்தேகமே இல்லை.

'வாங்கு' இன்னும் சுவையானது. "பையனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்" என்பதில் வேலை ஒரு பொருள், கைமாறக்கூடியது. "ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியவில்லை" என்பதில் வேலை, பிழிந்தெடுக்கப்பட வேண்டிய சாறு. 'வை' சேர்ந்தால் தொல்லை: "குழந்தை வேலை வைத்துவிட்டது." 'கொடு' சேர்ந்தால் பெரும்பாலும் நன்மை. வேலைப்பாடு என்று பெயராக மாறினால் அழகு.

வீட்டு வேலை என்ற தொடரில் உருபு செய்யும் காரியத்தைப் பாருங்கள். "வீட்டு வேலை செய்கிறாள்" என்பது தன் வீட்டுக்கும் பொருந்தும், அடுத்தவர் வீட்டுக்கும் பொருந்தும். "வீட்டு வேலைக்குப் போகிறாள்" என்றதும் அடுத்தவர் வீடு, மாதச் சம்பளம் என்று உறுதியாகிவிடுகிறது. 'கு' என்ற ஓரெழுத்து உருபில் ஒரு முதலாளி ஒளிந்திருக்கிறார்.

பழைய நூல் படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. கம்பன் பாட்டில் வேலை என்று வந்தால் பெரும்பாலும் அது கடல். தேவாரத்தில் சிவன் உண்ட வேலை விடம், கடலில் எழுந்த நஞ்சு. சோழர் படையில் இருந்த வேளைக்காரரை வேலைக்காரர் என்றும் எழுதுவதுண்டு. அவர்கள் ஏவலாளர் அல்லர். அரசனுக்கு ஆபத்து நேரும் வேளையில் உயிர் கொடுப்பதாகச் சபதம் செய்த காவல் வீரர்கள்.

"வேலை மெனக்கெட்டு வந்தேன்" என்பதில் இன்னொரு புதையல் இருக்கிறது. மெனக்கெடு என்பது வினைக்கெடு என்பதன் திரிபு. தன் வினை கெட, அதாவது சொந்த வேலையை விட்டுவிட்டு. இலங்கையில் மினக்கெடு என்பார்கள், நேரத்தைச் செலவிடுவதற்கும் சொல்வார்கள். வினை உள்ளே இருப்பது மறந்துபோனதால் முன்னால் மீண்டும் ஒரு வேலையை வைத்திருக்கிறோம்.

பணி: குனிவதும் ஏவுவதும்

பணிதல் என்றால் வணங்குதல், தாழ்தல். பணித்தல் என்றால் கட்டளையிடுதல். ஒரே வேர், ஒற்று இரட்டித்ததும் குனிந்தவர் நிமிர்ந்து ஏவுபவர் ஆகிவிடுகிறார். பணி என்ற பெயர்ச்சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேலே ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த மேலவர் முதலில் இறைவனும் அரசனும். "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்ற அப்பர் அடிகளைப் பலரும் பின்பாதியை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். முன்பாதியோடு படித்தால் அது இரு தரப்பு உடன்படிக்கை போல ஒலிக்கும்: தாங்குவது உன் கடன், பணி செய்வது என் கடன். கோயிலில் கட்டடம் சீராக்குவது திருப்பணி, முற்றத்துப் புல் செதுக்குவது உழவாரப்பணி. இந்தப் பக்தி வாசனை இன்றும் பணியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஆசிரியப் பணி", "மருத்துவப் பணி" என்று மேடையில் சொல்பவர் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார். அதே ஆசிரியர் வீட்டில் "வாத்தியார் வேலை" என்பார்.

அரசு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும் கோப்புத் தமிழ் முழுவதும் பணியாகிவிட்டது: பணி நியமன ஆணை, பணிமூப்பு, பணிக்கொடை, பணி ஓய்வு, இந்திய ஆட்சிப் பணி, பொதுப்பணித் துறை, அரசுப் பணியாளர் தேர்வாணையம். ஆனால் வேலை கிடைக்காதவர் பதிந்து வைக்கும் இடம் வேலைவாய்ப்பு அலுவலகம். கிடைக்கும் வரை வேலை, கிடைத்த பிறகு பணி. வேலைநிறுத்தத்திலும் இதே கணக்குத்தான். ஆணை கொடுப்பவர் எழுதும்போது பணி, மறுப்பவர் கோஷமிடும்போது வேலை. இலங்கை ஏடுகளில் இதற்குப் பணிப்பகிஷ்கரிப்பு என்ற சொல்லும் வழக்கில் உள்ளது.

கோப்புத் தமிழில் அவசரப்படுபவர் தடுமாறும் இடம் ஒன்று. பணியிடை நீக்கம் என்பது விசாரணை முடியும் வரை ஒதுக்கி வைப்பது. வேலை போய்விடவில்லை, இடையில் பிழைப்பூதியம் கிடைக்கும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம், முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்குப் பிறகு முழுச் சம்பளம் என்று படி வைத்தது. பணிநீக்கம் என்றால் வேலை முடிந்தது. அதிலும் அரசு ஊழியர் விதிகள் இரண்டு வகை பார்க்கின்றன: ஒன்று எதிர்காலத்தில் வேறு அரசு வேலைக்கு வருவதைத் தடுக்காது, 'டிஸ்மிஸ்' என்று சொல்லப்படும் மற்றது பொதுவாகத் தடுக்கும். செய்தித்தாள் மூன்றையும் "நீக்கம்" என்று ஒரே தலைப்பில் போடும்போது, வாசகர் ஒருவரின் வேலை தற்காலிகமாகப் போனதா, அடியோடு போனதா என்று அறிய வழியில்லை.

தொழில்: கொழும்பில் ஒன்று, சென்னையில் ஒன்று

சென்னையில் தொழில் துறை அமைச்சர் என்றால் ஆலைகளையும் முதலீட்டையும் கவனிப்பவர். கொழும்பில் தொழில் அமைச்சு என்பது தொழிலாளர் விவகாரத்தைப் பார்ப்பது. ஆலைகளுக்குக் கைத்தொழில் அமைச்சு தனியாக இருக்கிறது. ஒரு மேசையின் இரு பக்கங்களிலும் ஒரே சொல் உட்கார்ந்திருக்கிறது. கைத்தொழில் என்று தமிழ்நாட்டில் சொன்னால் கையால் செய்யும் தச்சு, தையல், கூடை முடைதல் நினைவுக்கு வரும்; இலங்கையில் பெரிய இயந்திரத் தொழிற்சாலையும் கைத்தொழில்தான். இரு நாட்டுச் செய்தியையும் ஒன்றாகத் தொகுப்பவர்கள் இங்கே வழுக்கி விழுவது வாடிக்கை.

பழைய தமிழில் தொழில் என்றால் எந்தச் செயலும் தொழில். இலக்கணத்தில் நடத்தல், வருதல் எல்லாம் தொழிற்பெயர். அவற்றால் யாருக்கும் வருமானம் கிடையாது. "சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்" என்ற குறளிலும் தொழில் அகலமான பொருளில்தான் நிற்கிறது. புறநானூறு நெல் அறுப்போரைத் தொழுவர் என்கிறது. தொழும்பு என்றால் அடிமைப் பணி. இத்தனை தாழ்ந்த உறவுக்காரர்கள் இருந்தும் தொழில் இன்று ஏறி உட்கார்ந்திருக்கும் இடம் வேறு.

பேச்சில் இன்று எல்லை தெளிவு. "மாப்பிள்ளை வேலை பார்க்கிறாரா, தொழில் செய்கிறாரா?" என்றால், சம்பளமா சொந்த முதலீடா என்று கேட்கிறார்கள். தொழிலுக்கு இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, அதைப் பழக வேண்டும். "தொழில் தெரிந்தவன்" என்பது பாராட்டு, "வேலை தெரிந்தவன்" என்பது அதைவிட ஒரு படி கீழே. இரண்டு, நட்டமானால் அது செய்பவரின் நட்டம். வேலையில் முதலாளிக்குத்தான் நட்டம்.

ஆனால் -ஆளி என்ற விகுதி ஒட்டியதும் முதலீடு மறைந்துவிடுகிறது. தொழிலதிபருக்குத் தொழில் சொந்தம். தொழிலாளிக்குச் சொந்தமாக இருப்பது தொழில் தெரிந்த கை மட்டுமே. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. ஆலையில் உழைப்பவரைக் கூலியாள் என்னாமல் தொழிலாளர் என்று அழைத்ததில் ஒரு வாதமே அடங்கியிருந்தது: இவர் கையில் ஒரு தொழில் இருக்கிறது, ஆகவே பேரம் பேச ஒரு பொருள் இருக்கிறது.

சட்டத் தமிழில் தொழிலுக்குச் சுமை அதிகம். ஆங்கிலச் சட்டம் தனித்தனிச் சொல் வைத்து எழுதும் நான்கைந்து கருத்துகள் இதன் தலையில்தான் வந்து விழுகின்றன: வழக்கறிஞர் செய்வதும் தொழில், கடைக்காரர் செய்வதும் தொழில், ஆலையும் தொழில், பிழைப்புக்காகச் செய்யும் எதுவும் தொழில். சம்பளக்காரர் ஒருவர் தன் ஊதியச் சீட்டில் தொழில்வரி பிடித்திருப்பதைப் பார்த்து "நான் தொழிலே செய்யவில்லையே" என்று திகைப்பது இதனால்தான். அந்த வரி எந்த வருவாய் வழிக்கும் பொருந்தும். அரசமைப்பின் 276ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2500 ரூபாய் என உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1978இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில், அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த 'தொழில்' என்பதை மருத்துவமனை, கல்வி நிலையம் வரை விரித்துப் பொருள் சொன்னது. சட்டத்துக்குள் தொழில் என்பது லாபத்துக்கு நடத்தும் ஆலை மட்டும் என்று படித்தால் அந்தத் தீர்ப்பு புரியவே புரியாது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு பெண்ணைப் பற்றி எந்த அடைமொழியும் இல்லாமல் "தொழில் செய்கிறார்" என்று எழுதினால் சில காதுகளுக்கு அது வேறு பொருளில் விழும். "துணித் தொழில்", "சொந்தத் தொழில்" என்று ஒரு சொல் முன்னால் வைத்தால் போதும்.

ஏறியவையும் இறங்கியவையும்

உத்தியோகம் வடமொழியில் முயற்சி. பாரதத்தின் உத்தியோக பருவம் போருக்கு முந்திய முயற்சிகளின் பகுதி; அதில் யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. இந்தியில் அதே சொல் ஆலைத்தொழிலைக் குறிக்கிறது. தமிழுக்கு வந்து நாற்காலி, மேசை, மாதச் சம்பளம் என்று சுருங்கிவிட்டது. "உத்தியோகம் புருஷ லட்சணம்" என்பதை முயற்சி என்று படித்தால் ஒரு பொருள், சம்பள வேலை என்று படித்தால் மாமனார் பேசும் பொருள். தமிழ்நாட்டில் இச்சொல் இன்று கொஞ்சம் பழைய வாடை அடிக்கிறது. அதன் இடத்தை அலுவலர் எடுத்துக்கொண்டார். இலங்கையில் கிராம உத்தியோகத்தர் இன்னும் நடைமுறையில் இருக்கிறார்.

ஊழியம் எதிர்த்திசையில் பயணம் செய்த சொல். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்றால் ஆட்சிக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை, திருவிதாங்கூரிலும் அப்படியே. இன்றோ இலங்கையில் சம்பளம் வாங்குபவர் ஊழியர். 1958இன் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியம் அவர் ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்கிறது. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர், தமிழ்நாட்டில் அரசு ஊழியர். கிறித்தவ வழக்கில் மட்டும் அது வேறொரு கிளை பிடித்தது: "ஊழியம் செய்கிறார்" என்றால் இறைப்பணி செய்கிறார். அங்கே ஊழியர் என்று எழுதினால் படிப்பவர் போதகரை நினைப்பார்.

வெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று சேர்ந்து வருபவை ஊரார் கூலி பெறாமல் கொடுத்தாக வேண்டிய உழைப்பு. குளம் தூர்வாருதல் போன்ற வேலைகள் அதில் அடங்கும். யாருக்கும் பயனில்லாத வேலை என்று அதைச் சொல்ல முடியாது. கூலி இல்லை என்ற ஒன்றே பிற்காலத்தில் பயனில்லை என்ற பொருளாக முற்றி, வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, "வெட்டியாக இருக்கிறான்" என்று வந்து நிற்கிறது. "வேலைவெட்டி இல்லாதவன்" என்று திட்டும்போது கூலியுள்ளதும் கூலியில்லாததும் ஆகிய இரண்டுமே இல்லாதவன் என்று முழுமையாகத் திட்டுகிறோம், தெரியாமலே.

கடமையும் கல்வெட்டிலிருந்து வந்ததுதான். அங்கே அது நிலவரி. கடன் என்ற வேருக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் செய்து தீர்க்க வேண்டிய செயலும் ஒன்றாக இருக்கின்றன. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்ற புறநானூற்றுப் பாட்டு தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஐவருக்கும் கடனைப் பங்கிடுகிறது. பணியை விட்டு விலகலாம். கடமையைத் தீர்க்கத்தான் முடியும்.

உழைப்பு, வினை, காரியம்

இயற்பியல் பாடநூலில் வேலை என்பது விசையையும் விசையின் திசையில் நேர்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது, அலகு ஜூல். இருபது கிலோ மூட்டையை அசையாமல் ஒரு மணி நேரம் தலையில் சுமந்து நின்றால் மூட்டையின் மீது செய்த வேலை சுழியம். மாணவர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு: வேலை சுழியம்தான், உழைப்பு சுழியமல்ல. உழைப்பு உடம்பின் பக்கமிருந்து அளப்பது. விளைவு இல்லாவிட்டாலும் உழைப்பு உழைப்பே. ஆகவேதான் உழைப்பு வீணாகலாம். காரியம் வீணாகாது, கெடும். வினை வீணாகாது, விளையும்.

"இந்தச் செருப்பு நன்றாக உழைத்தது" என்கிறோமே, அதில் தேய்வைத் தாங்கியது என்று பொருள். உழல், உழ ஆகியவற்றின் அருகிலிருந்து வந்த சொல்லுக்கு அது இயல்பு. இலங்கைத் தமிழர் "வெளிநாட்டில் உழைத்த காசு" என்பர். அங்கே உழைத்தல் சம்பாதித்தலையே குறிக்கும். "அவருக்கு நல்ல உழைப்பு" என்பதைத் தமிழ்நாட்டுக்காரர் பாராட்டாகக் கேட்பார், யாழ்ப்பாணத்தார் வருமானக் கணக்காகக் கேட்பார். சென்னை மெரீனாவில் 1959இல் நிறுவிய சிலைக்கு உழைப்பாளர் சிலை என்ற பெயர் நிலைத்தது பொருத்தமே. பாறையை நெம்பும் நான்கு உடல்கள் அங்கே நிற்கின்றன, அவர்களின் முதலாளியைக் காணோம்.

வினை ஒருகாலத்தில் இந்தக் கூட்டத்துக்கே தலைவன். "வினையே ஆடவர்க்கு உயிரே" என்கிறது குறுந்தொகை. வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கருமப் பயன் என்ற கருத்தைச் சுமந்த பிறகு தீவினையின் நிழல் முழுச்சொல் மேலும் விழுந்தது. இன்று "வினையாகிப் போச்சு" என்றால் கெட்டது நடந்துவிட்டது. வேதிவினை, எதிர்வினை, வினைத்திறன் என்று பாடநூலுக்குள் மட்டும் அது நடுநிலையோடு வாழ்கிறது.

காரியம் நோக்கத்தைப் பார்க்கும். "வேலை முடிந்தது" என்றால் செய்து தீர்ந்தது. "காரியம் முடிந்தது" என்றால் நினைத்தது கைகூடியது. பத்து முறை அலைந்து திரும்பியவருக்கு வேலை ஆயிற்று, காரியம் ஆகவில்லை. காரியவாதி என்ற வசைக்கு இணையாக வேலைவாதி என்றொரு சொல் பிறக்காததும் இதனால்தான். ஒரே ஓர் இடத்தில் கவனம்: "அடுத்த வாரம் காரியம் வைத்திருக்கிறார்கள்" என்றால் அது இறந்தவருக்கான சடங்கு. வாழ்த்துச் சொல்லக் கூடாது. தென்மாவட்டச் சோலியிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. "சோலியைப் பார்" என்பது உன் வேலையைக் கவனி. "சோலி முடிந்தது" என்பது ஆள் தீர்ந்தார்.

காசின் பெயரை வைத்துக் கண்டுபிடித்தல்

எந்தச் சொல்லை இடுவது என்று எழுதும்போது தயக்கம் வந்தால், அந்த உழைப்புக்குக் கிடைக்கும் பணத்தை மக்கள் என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று பார்ப்பது நம்பகமான உத்தி. அன்றன்று கைக்கு வந்தால் கூலி. எழுத வேண்டியது கூலி வேலை. மாதம் ஒருமுறை வந்தால் சம்பளம், வேலை. அதே தொகை ஆணையில் இருந்தால் ஊதியம், பணி. ஏற்ற இறக்கத்தோடு வந்தால் வருமானம் அல்லது லாபம், தொழில். வாங்குபவர் கட்டணம் என்று கேட்டால் மருத்துவம், வழக்கு போன்ற தொழில். மதிப்பூதியம் என்று கொடுத்தால் கொடுப்பவருக்கு முழுச் சம்பளம் தர மனமில்லை, வாங்குபவருக்குக் கேட்க வாயில்லை. எதுவும் வராவிட்டால் தொண்டு. சேவை என்று சொல்லிக்கொண்டு ரசீதும் கொடுத்தால் அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு.

இந்தப் பெயர்களும் இடம் மாறியிருக்கின்றன. குறளில் கூலி மதிப்பான சொல். முயற்சி "தன் மெய்வருத்தக் கூலி தரும்". ஊதியம் அங்கே சம்பளமல்ல, பேறு: ஈதலும் புகழோடு வாழ்தலும் அன்றி "ஊதியம் இல்லை உயிர்க்கு". இன்று கூலி கீழே இறங்கி, 'கூலிப்படை' வரை போய்விட்டது.

ஆளைக் குறிக்கும் சொற்களில் ஓர் எழுத்துக்கூட விலை பேசும். பணியாள் ஒரு வீட்டின் ஏவலாள். பணியாளர் ஒரு நிறுவனத்தின் ஆள், அவருக்கு வருகைப் பதிவேடு உண்டு. இலங்கையில் பணிப்பாளர் என்றால் துறைத் தலைவர், பணிப்பவர், அதாவது ஏவுபவர். தமிழ்நாட்டார் இதை 'ப்' விட்டுப் படித்து, தலைவரைக் கடைநிலை ஊழியராக்கிவிடுவதுண்டு. வேலைக்காரி என்ற சொல் எழுத்தில் மறைந்து வீட்டுப் பணியாளர் ஆகியிருக்கிறது. துப்புரவுப் பணியாளர் தமிழ்நாட்டு அரசுக் குறிப்புகளில் தூய்மைப் பணியாளர் ஆனார். பெயர் மாற்றம் மரியாதை தரும். ஒப்பந்தத்தில் எடுத்தவரை நிரந்தரமாக்காது. சட்டமும் பெயரைப் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் என்று அட்டை அச்சடித்துக் கொடுத்திருந்தாலும், அவர் நாள்தோறும் செய்வது எழுத்து வேலையா, உடலுழைப்பா, மேலாண்மையா என்று பார்த்துத்தான் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவாரா இல்லையா என நீதிமன்றங்கள் தீர்மானிக்கின்றன.

விபத்து இழப்பீட்டில் இந்த நுணுக்கம் பணமாகவே மாறும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வைத்த அளவுகோல், விபத்து பணியின் காரணமாகவும் பணியின் போக்கிலும் நேர்ந்ததா என்பது. இதை "வேலை செய்துகொண்டிருந்தபோது" என்று மனுவில் எழுதினால் கையில் கருவியோடு இருந்த நேரம் மட்டும் என்று வாசகம் குறுகிவிடும். தண்ணீர் குடிக்க ஆலை வளாகத்துக்குள் நடந்தவர் வேலை செய்துகொண்டிருக்கவில்லை, பணியில்தான் இருந்தார். பணி அங்கே ஒரு கால எல்லை, வேலை ஒரு செயல். மனு எழுதுபவர் இந்த இடத்தில் பணி என்றே எழுத வேண்டும்.

படிவங்களில் "தொழில்" என்ற கட்டத்துக்கு எதிரே வீட்டை நடத்தும் பெண்கள் பெரும்பாலும் "இல்லை" என்று எழுதுகிறார்கள். கேட்டால் "வேலைக்குப் போகவில்லை, சும்மாதான் இருக்கிறேன்" என்பார்கள், கையில் கரண்டியோடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதையே ஒரு விதியாக வைத்திருக்கிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை வேலையாளர், அதற்குக் குறைந்தால் குறுவேலையாளர், சமையலும் துவையலும் மட்டும் செய்தவர் வேலை செய்யாதவர். 2001 கணக்கெடுப்பின் வரையறை, வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் உற்பத்தி செய்பவரையும் வேலை செய்பவராக எடுத்துக்கொண்டது. மாட்டைக் கறக்கும் வரை அவர் வேலையாளர். கறந்த பாலை அடுப்பில் ஏற்றிய பிறகு அவர் செய்வதற்கு அந்தப் பதிவேட்டில் பெயர் கிடையாது.